துப்பாக்கி இடுப்பில், மது இரத்தத்தில்: 0.02 என்ற எண் ஏன் சரி?



மூன்று எண்களை முதலில் பாருங்கள்: 0, 0.02, 0.08.

அமெரிக்காவில் கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் பெற்ற ஒருவர் இருக்கிறார். அவர் கொஞ்சம் மது அருந்திவிட்டார். இரத்தத்தில் எவ்வளவு மது சேரும்போது அந்தத் துப்பாக்கி அவரிடம் இருப்பது குற்றமாகிறது? இந்த ஒரே கேள்விக்கு மூன்று மாநிலங்கள் எழுதி வைத்திருக்கும் விடைகள்தாம் மேலே உள்ள எண்கள்.

வட கரோலினாவின் சட்டம், குடித்த மது உடலில் சிறிதளவு எஞ்சியிருந்தாலும் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லக் கூடாது என்கிறது. மிச்சிகன் மாநிலம் 0.02 விழுக்காட்டில் கோடு போடுகிறது. நெவாடாவில் அந்தக் கோடு 0.08 விழுக்காடு. ஓஹாயோவின் சட்டத்திலோ எண்ணே இல்லை. "மதுவின் தாக்கத்தில் இருக்கும்போது" துப்பாக்கியை எடுத்துச் செல்லவோ பயன்படுத்தவோ கூடாது என்று சொற்களால் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது.

மனித மூளை எல்லா மாநிலத்திலும் ஒன்றுதான். எத்தனால் மூலக்கூறும் ஒன்றுதான். அப்படியிருக்க, சட்டம் மட்டும் ஏன் இப்படி மாறுகிறது? இவற்றில் அறிவியலுக்கு நெருக்கமானது எது?

"நம் மலேசியாவில் இது எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். இங்கே 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி காவல் துறையின் உரிமம் இல்லாமல் யாரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. சாதாரணக் குடிமகன் இடுப்பில் துப்பாக்கியோடு கடைத்தெருவில் நடப்பதை நாம் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் நிலை வேறு. தற்காப்புக்காகப் பொது இடத்தில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வது அரசமைப்புச் சட்டம் தரும் உரிமை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அதற்கு உரிமம்கூடத் தேவையில்லை. ஆகவே, மதுவையும் துப்பாக்கியையும் பிரித்து வைக்கும் கோட்டை எங்கே போடுவது என்பது அங்கே உயிரோடு விளையாடும் கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தேடும் வழியில், நம் வேதியியல், உயிரியல் பாடங்கள் ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன. அதனால்தான் இந்தக் கட்டுரை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டம் எண்ணில் பேச வேண்டும். அந்த எண், வாகனம் ஓட்டுவதற்கான எண்ணிலிருந்து கடன் வாங்கியதாக இருக்கக் கூடாது. அதைவிட மிகக் குறைவாக இருக்க வேண்டும். மிச்சிகனின் 0.02 அப்படிப்பட்ட எண். ஏன் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

ஒரு பியரும் ஒரு கணக்கும்

0.08 விழுக்காடு என்றால் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 0.08 கிராம் எத்தனால், அதாவது 80 மில்லிகிராம். 0.02 என்றால் 20 மில்லிகிராம்.

அமெரிக்காவில் விற்கும் வழக்கமான பியர் டின்னில் 355 மில்லிலிட்டர் இருக்கும். அதில் 5 விழுக்காடு எத்தனால் என்று வைத்துக்கொள்வோம். 355-இல் 5 விழுக்காடு 17.75 மில்லிலிட்டர். எத்தனாலின் அடர்த்தி ஒரு மில்லிலிட்டருக்கு 0.789 கிராம். பெருக்கிப் பாருங்கள்: ஏறக்குறைய 14 கிராம். இதைத்தான் அமெரிக்கச் சுகாதாரத் துறையினர் "ஒரு வழக்கமான பானம்" என்று கணக்கிடுகிறார்கள்.

இந்த 14 கிராம் உடலில் எங்கே போகிறது? எத்தனால் நீரில் நன்றாகக் கரையும். கொழுப்பில் அவ்வளவாகச் சேராது. ஆகவே, உடலில் நீர் உள்ள பகுதிகளில் பரவுகிறது. சுவீடன் நாட்டு அறிவியலாளர் எரிக் விட்மார்க் இதற்கு ஓர் எளிய கணக்கைக் கொடுத்தார். ஆணின் உடல் எடையை ஏறக்குறைய 0.68-ஆலும், பெண்ணின் உடல் எடையை ஏறக்குறைய 0.55-ஆலும் பெருக்கி, வரும் விடையால் மதுவின் அளவை வகுக்க வேண்டும்.

70 கிலோகிராம் எடையுள்ள ஆணுக்கு: 70 × 0.68 = 47.6 கிலோகிராம். 14 கிராமை 47.6 கிலோகிராமில் பரப்பினால் ஏறக்குறைய 0.03 விழுக்காடு. 55 கிலோகிராம் எடையுள்ள பெண்ணுக்கு: 55 × 0.55 = 30.25 கிலோகிராம். விடை ஏறக்குறைய 0.046 விழுக்காடு.

இது மதிப்பீடுதான். வயிற்றில் உணவு இருந்ததா, எவ்வளவு வேகமாகக் குடித்தார், உடலமைப்பு எப்படி என்பதைப் பொறுத்து எண் மாறும். ஆனாலும் ஒரு விஷயம் தெளிவு. ஒரே ஒரு பியரை வேகமாகக் குடித்தாலே 0.02-ஐத் தாண்டிவிட வாய்ப்புண்டு. மிச்சிகன் சட்டத்தின் பொருளை ஒரே வரியில் சொன்னால், "துப்பாக்கி கையில் இருந்தால் குடிக்காதே" என்பதுதான்.

இனி, மது வெளியேறும் வேகத்தைப் பாருங்கள். கல்லீரலில் உள்ள நொதிகள் எத்தனாலை முதலில் அசிட்டால்டிஹைடாகவும், பிறகு அசிட்டேட்டாகவும் மாற்றுகின்றன. உயிரியல் பாடத்தில் நொதி வினையின் வரைபடம் ஒரு கட்டத்துக்குமேல் தட்டையாகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். எல்லா நொதிகளும் வேலையில் இருக்கும்போது, வினைப்பொருளை எவ்வளவு கூட்டினாலும் வேகம் கூடாது. மதுவிலும் அதே கதைதான். சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு 0.015 விழுக்காடுதான் குறையும். காப்பி குடித்தாலும், குளித்தாலும், ஓடினாலும் அந்த வேகம் கூடாது. நள்ளிரவு 12 மணிக்கு 0.08-இல் இருப்பவர் 0.02-க்கு இறங்க விடியற்காலை 4 மணி ஆகும். முழுவதும் வெளியேற 5.20 ஆகும்.

மூளையில் முதலில் மங்குவது எது?

மது மூளையை ஒரேயடியாக அணைத்துவிடுவதில்லை. நரம்புச் செல்களை அமைதிப்படுத்தும் "காபா" என்ற வேதிப்பொருளின் வேலையை அது கூட்டுகிறது. செல்களைத் தூண்டும் குளுட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. கார் ஒன்றின் பிரேக்கை மெல்ல அழுத்திக்கொண்டே எண்ணெயையும் குறைப்பது போன்றது அது.

இதன் விளைவு படிப்படியாகத் தெரியும். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டுள்ள அட்டவணையைப் பாருங்கள். 0.02-இலேயே, நகரும் பொருளைக் கண்ணால் வேகமாகத் தொடர்வதும், ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளில் கவனம் வைப்பதும் குறையத் தொடங்குகின்றன. 0.05-இல் உடல் ஒருங்கிணைப்பு குறைகிறது. 0.08-இல் தசைகளின் ஒருங்கிணைப்பு மோசமாகிறது. ஆபத்தைக் கண்டுகொள்வது கடினமாகிறது. தன்னடக்கமும் நினைவாற்றலும் பகுத்தறிவும் பாதிக்கப்படுகின்றன.

இது ஒரு சரிவுப் பாதை. 0.079 வரை பாதுகாப்பு, 0.080-இல் ஆபத்து என்று மூளையில் எந்தச் சுவரும் இல்லை. சுவரைக் கட்டுவது சட்டம். சரிவில் எந்த இடத்தில் கட்டுவது என்பதுதான் நம் கேள்வி.

இன்னொன்றையும் கவனியுங்கள். "நான் இப்போது சரியான நிலையில் இருக்கிறேனா?" என்று நம்மை நாமே எடைபோடும் வேலையில் நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதிக்குப் பெரும் பங்குண்டு. மது மங்கவைப்பது அந்தப் பகுதியையும்தான். எடைபோடும் தராசே கெட்டுவிட்டால், அது காட்டும் எடையை எப்படி நம்புவது? பிரிட்டன் அறிவியலாளர் எட்வர்ட் மெல்லன்பி 1919-இல் நாய்களிடம் செய்த ஆய்வில், இரத்தத்தில் மது ஏறும்போது தெரியும் பாதிப்பு, அதே அளவுக்கு அது இறங்கி வரும்போது குறைவாகத் தெரிவதைக் கண்டார். மனிதர்களிடமும் இதைப் போன்றது உண்டு. மது இறங்கும் நேரத்தில் "தெளிந்துவிட்டது" என்ற உணர்வு வந்துவிடும். ஆனால், எல்லாத் திறன்களும் அதே வேகத்தில் திரும்பிவிடுவதில்லை. ஆகவே, "எனக்கு ஒன்றும் செய்யவில்லை" என்ற வாக்குமூலத்துக்கு அறிவியலில் மதிப்பு குறைவு.

நடுங்காத கையும் தவறான முடிவும்

துப்பாக்கி என்றாலே நமக்குக் குறி பார்க்கும் கைதான் நினைவுக்கு வரும். மது கையை நடுங்க வைக்கும், அதனால் குறி தவறும், அதுதான் ஆபத்து என்று எண்ணுகிறோம். ஒரு பழைய ஒலிம்பிக் செய்தி இந்த எண்ணத்தைச் சற்று அசைத்துவிடும்.

1968-இல் மெக்சிகோ சிட்டியில் நடந்த ஒலிம்பிக்கில் சுவீடன் வீரர் ஹான்ஸ்-குன்னர் லில்யன்வால் நவீன ஐந்திறன் போட்டியில் கலந்துகொண்டார். அதில் கைத்துப்பாக்கிச் சுடுதலும் ஓர் அங்கம். பதற்றத்தைத் தணிக்க இரண்டு பியர் குடித்ததாக அவர் சொன்னார். சோதனையில் மது கண்டுபிடிக்கப்பட்டது. ஊக்கப்பொருள் சோதனையில் சிக்கித் தகுதியிழந்த முதல் ஒலிம்பிக் வீரர் அவர்தான். சுவீடன் அணி வென்ற வெண்கலப் பதக்கமும் பறிபோனது.

விளையாட்டில் மதுவைத் தடை செய்ததன் காரணத்தை யோசித்துப் பாருங்கள். சிறிதளவு மது பதற்றத்தைக் குறைத்துக் கையை நிதானமாக்கக்கூடும், அது நியாயமற்ற உதவி என்பதே அச்சம். சுடுகளத்தில் இலக்கு அசையாது. அது காகிதம். அது யார், எதற்காக வந்தது, கையில் வைத்திருப்பது கத்தியா, கைத்தொலைபேசியா என்று முடிவெடுக்க வேண்டியதில்லை.

தெருவிலோ கடையிலோ நடப்பது வேறு. அங்கே குறி பார்ப்பதற்கு முன்னால் ஒரு முடிவு இருக்கிறது: சுடுவதா, வேண்டாமா? அந்த முடிவுக்குச் சில நொடிகள்தாம் கிடைக்கும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. பங்கேற்றவர்களில் சிலருக்கு மதுவும், மற்றவர்களுக்கு மது இல்லாத பானமும் கொடுத்தார்கள். உண்மைத் துப்பாக்கி இல்லாமல், காட்சிகளைத் திரையில் காட்டும் சிமுலேட்டர் கருவியில் அனைவரையும் சுடச் சொன்னார்கள். மது அருந்தியவர்களின் குறி துல்லியம் குறைந்தது. அது எதிர்பார்த்ததுதான். அடுத்த இரண்டு முடிவுகளைக் கவனமாகப் படியுங்கள். உடனே எதிர்வினை காட்ட வேண்டிய காட்சிகளில் அவர்கள் தாமதமாகச் சுட்டார்கள். யோசித்து முடிவெடுக்க வேண்டிய காட்சிகளிலோ மற்றவர்களைவிட விரைவாகச் சுட்டார்கள்.

வேகம் தேவைப்பட்ட இடத்தில் தாமதம். நிதானம் தேவைப்பட்ட இடத்தில் அவசரம். இரண்டுமே தவறான திசையில்.

இது சிறிய ஆய்வு. இப்படி ஓர் ஆய்வைப் பெரிய அளவில் நடத்த முடியுமா என்று பார்ப்பதற்கான முன்னோட்டம். அதை மட்டும் வைத்து ஒரு சட்டம் எழுத முடியாது. ஆனால் அதன் முடிவு, மூளையைப் பற்றி நாம் ஏற்கெனவே அறிந்தவற்றோடு ஒத்துப்போகிறது. குறி தவறுவதைவிட, சுட வேண்டியிராத ஒருவரைச் சுடுவது பெரிய ஆபத்து.

வாகனத்தின் எண்ணைக் கடன் வாங்கலாமா?

நெவாடா 0.08-ஐ எங்கிருந்து எடுத்தது? அந்த எண் வாகனச் சட்டத்திலிருந்து நமக்குப் பழகியது. 2019 வரை அந்த மாநிலத்தில் துப்பாக்கிக்கான வரம்பு 0.10 ஆக இருந்தது, பிறகுதான் 0.08-க்கு இறங்கியது.

வாகன எண் எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். இரத்தத்தில் உள்ள மதுவுக்கு எண்ணால் வரம்பு கட்டிய முதல் நாடு நார்வே, 1936-இல் 0.05. அமெரிக்காவில் ராபர்ட் போர்க்கன்ஸ்டைன் என்பவர் 1954-இல் மூச்சுச் சோதனைக் கருவியை உருவாக்கினார். அவர் இந்தியானா மாநிலப் போலீஸில் பணியாற்றியவர். நீங்கள் ஆய்வுக்கூடத்தில் பார்த்த அதே வினைதான் அதற்குள் நடந்தது. அமிலம் கலந்த பொட்டாசியம் டைக்குரோமேட் எத்தனாலை ஆக்சிசனேற்றம் செய்யும்போது ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறும். நிறம் எவ்வளவு மாறுகிறது என்பதை ஒளியால் அளந்து, மூச்சில் எவ்வளவு மது என்று கணக்கிட்டார்.

பிறகு அவரே 1960-களின் தொடக்கத்தில் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரில் பெரிய ஆய்வொன்றை நடத்தினார். விபத்தில் சிக்கிய ஆயிரக்கணக்கான ஓட்டுநர்களையும், விபத்தில் சிக்காத ஆயிரக்கணக்கான ஓட்டுநர்களையும் ஒப்பிட்டார். இரத்தத்தில் மது கூடக் கூட, விபத்துக்கான வாய்ப்பு செங்குத்தாக ஏறுவதை அந்த வரைபடம் காட்டியது. உலகின் பல வாகனச் சட்டங்கள் அந்த ஆய்வின் மேல் நிற்கின்றன. கிராண்ட் ரேப்பிட்ஸ் இருப்பது மிச்சிகனில்தான்.

ஆகவே, வாகன எண் எதை அளந்து வந்தது? சாலை விபத்தை. அந்த எண்ணும்கூட இறங்கிக்கொண்டே வருகிறது. அமெரிக்க மாநிலங்கள் அனைத்தும் 2004-க்குள் 0.08-க்கு வந்தன. யூட்டா மாநிலம் 2018-இன் இறுதியில் 0.05 ஆக்கியது. நம் மலேசியாவும் 2020 அக்டோபரில், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்றிருந்ததை 50 மில்லிகிராமாகக் குறைத்தது.

காரில் போகும் ஒருவர் மணிக்கணக்கில் வளைவுகளையும் விளக்குகளையும் கவனிக்கிறார். துப்பாக்கியோடு போகும் ஒருவர் பெரும்பாலான நாட்களில் எதுவுமே செய்ய வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒரு நாள் வந்தால், சில நொடிகளில், பயத்தின் நடுவே, திரும்பப் பெற முடியாத முடிவை எடுக்க வேண்டும். சாலை விபத்துக்காகக் கணக்கிட்ட எண்ணை இதற்கு அப்படியே ஒட்டவைப்பது, கால் அளவைப் பார்த்துச் சட்டை தைப்பது போன்றது.

எண்ணா, சொல்லா, கட்டடமா?

சில மாநிலங்கள் உடலைப் பார்க்காமல் இடத்தைப் பார்க்கின்றன. டெக்சஸில் ஒரு கடையின் வருமானத்தில் 51 விழுக்காடோ அதற்கு மேலோ அங்கேயே அருந்தும் மது விற்பனையிலிருந்து வந்தால், வாசலில் சிவப்பு நிறத்தில் 51 விழுக்காடு என்ற அறிவிப்பு இருக்கும். துப்பாக்கி உரிமம் உள்ளவரும் அங்கே துப்பாக்கியோடு நுழையக் கூடாது. வர்ஜீனியா 2010-இலும், ஓஹாயோ 2011-இலும் வேறு வழியை எடுத்தன. மது பரிமாறும் உணவகத்துக்குள் உரிமம் உள்ளவர் துப்பாக்கியோடு போகலாம். ஆனால் அங்கே மது அருந்தக் கூடாது.

இவை பயனற்றவை என்று சொல்லமாட்டேன். மற்றவர்கள் குடித்துத் தகராறு செய்யும் இடத்தில் துப்பாக்கி இல்லாமலிருப்பது நல்லதுதான். ஆனால் கட்டடத்துக்கு மூளை இல்லை. வீட்டிலோ நண்பரின் விருந்திலோ குடித்துவிட்டு வெளியே வருபவரை, வாசலில் மாட்டிய அறிவிப்பு தடுக்காது. மதுவின் ஆபத்து அவரோடு நடந்து வருகிறது. சட்டமும் அவரோடு நடந்து வர வேண்டும்.

"மதுவின் தாக்கத்தில்" என்ற சொற்களுக்கும் ஒரு குறை உண்டு. எந்த அளவில் தாக்கம் தொடங்குகிறது? போலீஸ்காரர் ஒன்று சொல்வார், வழக்கறிஞர் ஒன்று சொல்வார். வீட்டை விட்டுப் புறப்படும் முன் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவரோ, குடித்தவரே. தராசு கெட்டவரிடமே தராசைக் கொடுக்கிறோம். எண் இருந்தால் இந்தக் குழப்பம் குறைகிறது. "ஒரு பியர் குடித்தால் தாண்டிவிடலாம்" என்று அவர் குடிக்கும் முன்பே, தெளிவாக இருக்கும்போதே முடிவெடுக்க முடியும்.

மிச்சிகன் சட்டம் எண்ணோடு படிகளையும் வைத்திருக்கிறது. 0.02 முதல் 0.08-க்குக் கீழ் வரை இருந்தால் 100 டாலர் வரை அபராதம்; உரிமம் ஓராண்டு ரத்தாகலாம். 0.08 முதல் 0.10-க்குக் கீழ் வரை இருந்தால் 93 நாள் வரை சிறைக்கும் இடமுண்டு. உரிமம் மூன்றாண்டு வரை ரத்தாகலாம். 0.10-ஐத் தொட்டால் உரிமம் நிரந்தரமாகப் போய்விடும். மூளையில் உள்ள சரிவைச் சட்டத்திலும் படிக்கட்டாக வைத்த முயற்சி இது. உரிமத்தை வாங்கும்போதே, தேவைப்பட்டால் மூச்சுச் சோதனைக்கு உடன்படுவதாக ஏற்றுக்கொண்டதாகப் பொருள் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. எண் இருந்து, அளக்க வழி இல்லாவிட்டால் பயன் என்ன?

ஒரு சிறு கணக்கு உங்களுக்கு: அந்தச் சட்டத்தில் 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு இணையாக 210 லிட்டர் மூச்சு என்று எழுதியிருக்கிறது. 210 லிட்டரை 100 மில்லிலிட்டரால் வகுத்தால் 2100. இரத்தத்தில் உள்ள மதுவின் அடர்வு, மூச்சில் உள்ளதைப் போல் ஏறக்குறைய 2100 மடங்கு என்ற அளவீட்டு விகிதம் சட்டப் புத்தகத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

எதிர்ப்பக்கம் என்ன சொல்கிறது?

நல்ல விவாதம் என்றால் மறுபக்கத்தின் வலுவான வாதங்களையும் கேட்க வேண்டும்.

முதல் வாதம்: "ஒரு பியர் குடித்தவர் தற்காப்பு உரிமையை இழக்க வேண்டுமா? குடித்தவரைத் திருடன் தாக்கமாட்டானா?" இது நியாயமான கேள்வி. ஆனால் சட்டம் கேட்பது ஒரு மாலை நேரத்துத் தேர்வைத்தான்: துப்பாக்கியா, மதுவா? சட்டங்கள் விதிவிலக்கும் தருகின்றன. மிச்சிகனில் குடித்தவர் துப்பாக்கியைக் காரின் பின்பக்கப் பெட்டியில் பூட்டி எடுத்துச் செல்லலாம். நெவாடாவில் சொந்த வீட்டுக்குள் தற்காப்புக்காக மட்டும் வைத்திருப்பவருக்கு அந்தத் தடை இல்லை. உரிமையை யாரும் பறிக்கவில்லை. தெருவில் அதைக் கையாளும் நேரத்துக்குத்தான் நிபந்தனை.

இரண்டாவது வாதம்: "குற்றவாளிகள் எந்த எண்ணையும் மதிக்கமாட்டார்கள்." உண்மை. ஆனால் நாம் பேசுவது உரிமம் பெற்றவர்களைப் பற்றி. மிச்சிகனில் உரிமம் பெறக் குறைந்தது 8 மணி நேரப் பயிற்சி வேண்டும். அதில் 3 மணி நேரம் சுடுகளத்தில். சட்டத்தை மதித்துப் பயிற்சிக்கு வந்தவர்களிடம்தான் தெளிவான எண்ணைச் சொன்னால் பலன் கிடைக்கும். கலிபோர்னியாவில் 1977-இல் சட்டப்படி கைத்துப்பாக்கி வாங்கியவர்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2018-இல் வெளிவந்தது. குடித்துவிட்டு வாகனம் ஓட்டித் தண்டனை பெற்றிருந்தவர்கள், பின்னாளில் வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. மதுதான் அதற்கு ஒரே காரணம் என்று இந்த ஆய்வு நிறுவவில்லை. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்று மட்டும் காட்டுகிறது. ஆனால், "சட்டப்படி வாங்கியவர்களிடம் மதுப் பிரச்சினையே இல்லை" என்று ஒதுக்கிவிட முடியாது என்பதும் அதில் தெரிகிறது.

மூன்றாவது வாதம்: "தூக்கமின்மையும் மூளையை மங்கவைக்கிறதே? அதற்குச் சட்டம் இல்லையே?" சரிதான். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன் 0.05 மது உள்ளவரின் நிலைக்கு இறங்கலாம் என்று 1997-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் தூக்கமின்மையை அளக்கத் தெருவில் ஊதும் கருவி எதுவும் இல்லை. மதுவை அளக்க இருக்கிறது. அளக்க முடியாத ஓர் ஆபத்து இருக்கிறது என்பதற்காக, அளக்க முடிந்த ஆபத்தை விட்டுவிட வேண்டியதில்லை.

நான்காவது வாதம் எதிர்த்திசையிலிருந்து வருகிறது: "அப்படியானால் வட கரோலினாவைப் போல் சுழியமே நல்லதல்லவா?" மனம் அதைத்தான் விரும்பும். ஆனால் அறிவியல் மாணவர்கள் சுழியத்தைக் கண்டால் சற்று நின்று யோசிக்க வேண்டும். எந்த அளவீட்டுக் கருவிக்கும் பிழை வரம்பு உண்டு. மதுச்சாறு கலந்த வாய்க்கொப்பளிப்பு நீர், சில இருமல் மருந்துகள், நன்றாகப் புளித்த உணவு ஆகியவையும் மூச்சுக் கருவியில் கொஞ்ச நேரத்துக்குச் சிறு எண்ணைக் காட்டக்கூடும். 0.02 என்பது, "குடிக்காதே" என்ற கட்டளையையும் கருவியின் நேர்மையான பிழை வரம்பையும் ஒரே எண்ணில் சேர்த்து வைக்கிறது. குற்றமற்றவரைத் தண்டிக்காமல் இருப்பதும் நீதியின் பாதிதான்.

இப்போது உங்கள் முறை

அறிவியல் நமக்கு ஒரு சரிவைத்தான் தருகிறது. அதில் எங்கே கோடு போடுவது என்று அது தானாகச் சொல்லாது. எவ்வளவு ஆபத்தை ஏற்கலாம், யாருடைய உரிமையை எவ்வளவு குறைக்கலாம் என்பவை மக்கள் பேசி முடிவெடுக்க வேண்டியவை. ஆனால் அந்தப் பேச்சு நடக்கும் மேசையில் சரியான வரைபடம் இருக்க வேண்டும். சாலை விபத்துக்கான வரைபடத்தை வைத்துக்கொண்டு துப்பாக்கியைப் பற்றிப் பேசினால், முடிவும் தவறிவிடும்.

அடுத்த வாரம் வகுப்பில் இரண்டு குழுவாகப் பிரியுங்கள். ஒரு குழு வட கரோலினாவின் சுழியத்துக்காகவும், மறு குழு மிச்சிகனின் 0.02-க்காகவும் வாதாடட்டும். விதி ஒன்றே ஒன்று: ஒவ்வொரு வாதத்துக்கும் ஓர் அளவீடோ ஒரு சோதனையோ சான்றாக இருக்க வேண்டும். "எனக்கு அப்படித் தோன்றுகிறது" என்பதை ஏற்கக் கூடாது. குடித்தவரின் வாயிலிருந்து அந்த வரி வந்தால் நாம் ஏற்கமாட்டோம் அல்லவா? தெளிவாக இருக்கும் நம்மிடமும் அதே கண்டிப்பு இருக்கட்டும்.